நீலகிரி ஜில்லாவின் எல்லைகளும் கூடலூர்க் குடிகளின் வழக்கும்

நீலகிரி என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவரில் பெரும்பாலோருக்கு உதகமண்டலத்து ஏரியும், பூந்தோட்டமும், பல்சக்கர ரயிலும், கோடைக்காலக் குளிரும் நினைவுக்கு வருகின்றன. துரைமார் தமக்காக அமைத்துக்கொண்டு, பின்பு நமக்கு விட்டுச் சென்ற நீலகிரி அது. ஜில்லாவின் படத்தை எதிரே விரித்து வைத்துப் பார்ப்போர்க்கு வேறொரு நீலகிரியும் புலப்படும். உதகையிலிருந்து மேற்கே மலைப்பாதையில் சுமார் ஐம்பது கிலோமீட்டர் இறங்கினால் கூடலூர் வரும். அங்கும் அதற்கப்பாலுள்ள பந்தலூரிலும் ஆயிரக்கணக்கான குடும்பத்தார் தலைமுறையாகக் குடியிருந்தும், தாங்கள் உழும் நிலம் தங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் வாழ்ந்து வருகின்றனர். ஒரு மலை ஜில்லாவின் பூகோளத்தையும் நிர்வாக சரித்திரத்தையும் இன்று நாம் எடுத்துப் பேசுவது இவர்களின் பொருட்டே. எல்லை வகுப்பது ரெவின்யூ இலாகாவின் காகித வேலை என்று எண்ணியிருப்போர் இச்சரித்திரத்தை ஒருமுறை வாசித்தல் நலம்.

மலையின் அமைப்பு

ஜில்லாவின் விஸ்தீரணம் சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இங்கு வசிப்போர் 7,35,394 பேர். உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலூகாக்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் வந்து கூடும் இடத்தில் இந்த ஜில்லா அமைந்திருக்கிறது. வடக்கே கர்நாடகம், மேற்கே கேரளம், தெற்கிலும் கிழக்கிலும் கொங்கு நாட்டுச் சமவெளி. மூன்று ராஜ்யங்கள் ஒன்றையொன்று தொடும் மூலை இது.

ஆனால் இந்த ஜில்லாவை ஒரே மலை என்று எண்ணுவது பிழை. இதில் இரண்டு மேடைகள் இருக்கின்றன. முதலாவது உயர்ந்த மேடை; உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா ஆகியவை இதன்மேல் உள்ளன. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தோடு இம்மேடையில் நிற்கிறது. இதன் மேற்கு விளிம்பில் குந்தா மலைத் தொடரும், 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்திச் சிகரமும் மதில்போல் எழும்பியுள்ளன. அந்த மதிலுக்குக் கீழே, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பது இரண்டாவது மேடை. கூடலூரும், தேவாலாவும், பந்தலூரும், சேரம்பாடியும் அங்கேதான். இயற்கை முறையில் பார்த்தால் இது வயநாட்டின் தென்கிழக்குப் பாகம். ஜில்லாவின் பெயரால் மட்டுமே நீலகிரி.

மழையும் ஆறுகளும் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதுவது மேற்குச் சரிவில். 2019 ஆகஸ்டு மாதத்தில் குந்தா மலைப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திரார். கிழக்கே கோத்தகிரிப் பக்கமோ ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ்வது. உயர்ந்த மேடையின் நீர், பைகாரா, மோயாறு, குந்தா என்னும் பெயர்களோடு ஓடி, பவானியிற் கலந்து, காவிரியை அடைகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு முதலியன மேற்கே இறங்கி, நீலம்பூர் வழியாகச் செல்லும் சாலியாற்றிற் சேர்ந்து, பேப்பூரில் அரபிக்கடலை அடைகின்றன. பாதி ஜில்லாவின் நீர் கிழக்கே போவதும் மற்றைப் பாதியின் நீர் மேற்கே போவதும் பூகோளப் பாடத்துக்குரிய விஷயமாகத் தோன்றலாம். நிலத்தின் பாத்தியமும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்து போயிற்று என்பதைப் பின்னே காண்போம்.

ஜனங்களும் அப்படியே. மேல் மேடையில் எருமை மேய்க்கும் தோடரும், இரும்பு வேலையும் மட்பாண்ட வேலையும் வல்ல கோத்தரும், உழவராகிய படகரும் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். சரிவுகளில் குறும்பரும் இருளரும் இருந்தனர். கீழ் மேடையில் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக் குறும்பர், வயநாடன் செட்டிமார் ஆகியோர் வசித்தனர். தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தைநாடு என்று மேல் மேடைக்கு அதன் குடிகளே வகுத்துக்கொண்ட பிரிவுகள் இருந்தன. அளவுச் சங்கிலி பிடிக்காமல், ஓடையையும் குன்றையும் உறவு முறையையும் கொண்டு அவர்கள் வகுத்த எல்லை அது.

கம்பெனியார் வகுத்த எல்லை

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், கோயம்புத்தூர்ச் சீமையோடு நீலகிரி மலையும் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. வயநாடு அவ்வளவு எளிதாகக் கைக்கு வரவில்லை. அதை முதலில் மைசூருக்கு என்று எழுதினர். 1803-ல் தமக்கே என்று திருத்திக்கொண்டனர். அந்நாட்டைக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடேன் என்று காடே கோட்டையாக நின்று போராடிய பழசி ராஜா, 1805 நவம்பர் 30-ஆம் தேதி வீர மரணம் எய்தினார். ஆகவே ஆரம்பத்திலேயே மேல் மேடை கோயம்புத்தூரைச் சார்ந்தது. கீழ் மேடை மலபாரைச் சார்ந்தது.

1819-ல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலைமேல் ஏறினார். குளிர்ச்சியில் மயங்கிய அவர் உதகையில் கல் பங்களா ஒன்று கட்டினார். ஏரி ஒன்று அமைத்தார். அவருக்குப் பின்னே மற்றைத் துரைமாரும் வந்தனர். அது முதல் இந்த மலையின் எல்லை, ஆளுவோர் ஸௌகரியத்துக்கேற்ப இடம் மாறலாயிற்று. 1830-ல் மலையின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரினின்று பிரித்து மலபாரோடு சேர்த்தனர். 1843-ல் அதை மீட்டும் கோயம்புத்தூருக்கே திருப்பினர். பதின்மூன்று வருஷ காலத்தில் ஒரே குடியானவன் இரண்டு கலெக்டர்களுக்குத் தீர்வை கட்டினான். அவனை ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை.

மலை யாருடையது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. நிலத்துக்குப் பூரண பாத்தியதை உடையவர் தோடரே என்று ஸல்லிவன் வாதித்தார். கவர்னர் லஷிங்டன் அதை ஒப்பவில்லை. முடிவில் 1843-ல், இம்மலையைக் கண்ணாலும் கண்டிராத லண்டன் டைரக்டர்கள், தோடர்களுக்கு உள்ளது மேய்ச்சல் உரிமை மாத்திரமே என்று தீர்த்துவிட்டனர். குடிகளின் உரிமையைத் தூரத்துக் காகிதத்தில் தீர்க்கும் வழக்கம் இம்மலையில் அன்றே வேரூன்றியது.

பிறகு காப்பித் தோட்டங்கள் பரவின. 1868-ல் நீலகிரியைக் கோயம்புத்தூரினின்று பிரித்து, ஒரு கமிஷனரின் கீழ் வைத்தனர். 1870 முதல் சென்னை ராஜதானியின் கவர்னரும் அவருடைய சபையும் கோடைதோறும் உதகைக்கு ஏறி வரலாயினர். புழுங்கும் சமவெளியில் வரி கொடுப்போர். குளிர்ந்த மலையில் வரியைச் செலவு செய்வோர்! உதகை பெருநகராகவே அதன் ஜில்லாவும் பெருக்க வேண்டியதாயிற்று. 1873-ல் மலபாரைச் சேர்ந்த வயநாட்டினின்று ஆக்டர்லோனி பள்ளத்தாக்கை எடுத்து நீலகிரியோடு இணைத்தனர். 1877-ல் நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு என்னும் மூன்று அம்சங்களையும் இணைத்தனர். அங்கிருந்த தோட்டக்காரர்களுக்கு மலபார்க் கச்சேரிகள் தூரம், உதகைக் கச்சேரி சமீபம் என்பதை நினைத்தால், இந்த இணைப்பு யாருக்கு உதவிற்று என்பது விளங்கும். இரண்டொரு வருஷத்தில் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தில் தங்கம் விளைகிறதென்று லண்டனில் ஒரே கூச்சலாயிற்று. கம்பெனிகள் கிளம்பின, பங்குகள் விற்றன, யந்திரங்கள் மலையேறின. தங்கம் மட்டும் போதிய அளவு அகப்படவில்லை. 1882-ல் கமிஷனர் பதவி போய்க் கலெக்டர் பதவி வந்தது. இன்று நாம் காணும் நீலகிரி ஜில்லா அவ்வாறு உருவாயிற்று.

ஜன்மமும் பட்டாவும்

இங்கேதான் கோளாறு நேர்ந்தது. எல்லையை மாற்றினார்கள், நிலச் சட்டத்தை மாற்றவில்லை. மேல் மேடையில் நடந்தது ரயத்துவாரி முறை. அங்கே குடியானவன் ஸர்க்காருக்கு நேரே தீர்வை கட்டிப் பட்டா பெறுகிறான். கீழ் மேடையில் நடந்ததோ மலபாரின் ஜன்ம முறை. ஜன்மம் என்பது பிறப்பு வழியாக வந்த பூரண பாத்தியம். ஜன்மி மேலே இருப்பார். அவருக்குக் கீழே காணக்காரரும் வெறும்பாட்டக்காரரும் இருப்பர். எல்லாருக்கும் கீழே, நிலத்தோடு நிலமாய்ப் பணியர் இருப்பர். மலபாரில் ஜன்மியே முழு நில உடைமையாளர் என்று ஆங்கில நியாயஸ்தலங்கள் உறுதி செய்துவிட்டன.

கூடலூர்ப் பக்கத்தில் பெரும் பரப்புக்கு ஜன்மம் கொண்டாடியவர் நீலம்பூர்க் கோவிலகத்தார். பாண்டியாறு இறங்கிச் சென்ற வழியே அவர்களது பாத்தியம் ஏறி வந்தது போலும்! அவர்களிடம் குத்தகைக்கு நிலம் பெற்றே ஆக்டர்லோனி முதலிய துரைமார் தோட்டம் போட்டனர். முதுமலைக் காட்டை ஸர்க்காரே நீலம்பூர்த் திருமுல்பாடிடம் குத்தகைக்குப் பெற்று மரம் வெட்டிய காலமும் உண்டு. ஆகவே 1877-க்குப் பின்பு ஒரே கலெக்டர், ஒரே ஜில்லா, ஆனால் இரண்டு விதமான நிலம் என்று ஆயிற்று. நமது நாட்டில் எல்லைக்கோடு ஓரிடத்தில் கிடக்க, சட்டம் வேறிடத்தில் கிடந்த ஊர்கள் பல. அவற்றில் இவ்வளவு நீண்ட காலம் குடிகளை வருத்தியவை சிலவே.

சுயராஜ்யத்திற்குப் பின்

1947-ல் நாடு விடுதலை பெற்றது. 1948-ல் சென்னைச் சட்டசபை ஜமீன் ஒழிப்புச் சட்டம் செய்தது. ஜன்மத்தை அது தொடவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி, மொழி வழியே ராஜ்யங்கள் பிரிந்தபோது மலபார் ஜில்லா கேரளத்துக்குச் சென்றது. தென்கிழக்கு வயநாடு மட்டும் சென்னை ராஜ்யத்தில் தங்கிவிட்டது. 1877-ல் தோட்டக்காரர் காலத்தில் போட்ட கோடு ராஜ்யத்தின் எல்லையாகிவிட்டது!

கோட்டின் இரு புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது. வயநாட்டில் பாட்டத்துக்கு உழுதவன் நிலத்துக்கு உடையவனாக வழி பிறந்தது. கோட்டுக்கு இப்புறத்திலும் 1969-ல் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக்கும் சட்டம் செய்யப்பட்டது. சுமார் 80,000 ஏக்கர் நிலம் அதற்குள் அடங்கும். சட்டம் பிறந்ததே தவிர நடக்கவில்லை. தோட்டக் கம்பெனியார் கோர்ட்டுக்குச் சென்றனர். ஜன்மக் காடுகளை ஸர்க்கார் எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாதென்று 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. 1974-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, இச்சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையிற் சேர்த்தனர். அவ்வாண்டின் இறுதியில்தான் சட்டம் அமுலுக்கு வந்தது.

மறுபடியும் வழக்கு. ஒன்பதாம் அட்டவணையில் வைத்துவிட்டால் கோர்ட்டு பார்க்கக்கூடாதா என்ற கேள்வி, 1999-ல் ஐந்து நீதிபதிகளிடமிருந்து பெரிய பெஞ்சுக்குச் சென்று, 2007 ஜனவரி 11-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளால் தீர்க்கப்பட்டது. தேச முழுவதும் அரசியல் சட்ட மாணவர்கள் அத்தீர்ப்பை வாசிக்கின்றனர். அதற்கு வித்திட்டது கூடலூர் நிலம் என்பதை அறிந்தோர் அவர்களிலும் குறைவு. 2010-ல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் அட்டவணையில் இருப்பது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. இதற்கிடையில், நீலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்க வேண்டி 1995-ல் வழக்கிட்டார். உடைமையாளர் எவராயினும், காடு என்ற சொல்லின் பொருளுக்குள் வரும் நிலமெல்லாம் வனச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உத்தரவாயிற்று. ஒரு மலைத் தாலூகாவினின்று பிறந்த இரண்டு வழக்குகள், இந்தியா முழுவதற்கும் சட்டம் வகுத்துக் கொடுத்தன. அத்தாலூகாவின் குடிக்கு ஒரு பட்டா வாங்கிக் கொடுக்க அவை உதவவில்லை.

முட்டுக்கட்டையாய் நிற்பது சட்டத்தின் 17-ஆவது பிரிவு. ஜன்மிகள் முன்னரே தோட்டத்துக்காகக் குத்தகைக்கு விட்டிருந்த நிலங்களைப் பற்றியது அது. ஜன்மியின் இடத்தில் ஸர்க்கார் வந்து நிற்க வேண்டும்; குத்தகை தொடரலாமா, பொது நன்மைக்காக முடிக்கலாமா என்று ஸர்க்கார் தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் வராமல் பல்லாயிரம் ஏக்கர் தொங்கலில் கிடந்தது. அந்தப் பல்லாயிரத்தில் பெரிய கம்பெனிகளின் தேயிலையும் உண்டு. அரை ஏக்கரில் வாழையும் மிளகும் வைத்துப் பிழைக்கும் ஏழையின் குடிசையும் உண்டு. இரண்டையும் ஒரே பிரிவில் அடக்கி, ஒரே முடிவுக்காகக் காக்க வைத்ததே பெரும் அநியாயம். கம்பெனிக்கு வக்கீல் உண்டு, காலமும் உண்டு. ஏழைக்கு இரண்டும் இல்லை.

அந்த ஏழைகள் யார்? உணவுப் பஞ்ச காலத்திலும் அதன் பின்னும் மேற்கேயிருந்து வந்து காடு திருத்தியவர்கள் ஒரு சாரார். இலங்கையினின்று வந்த தமிழர் மற்றொரு சாரார். 1964-ல் சாஸ்திரி, ஸ்ரீமாவோ இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்களுக்குப் பிழைப்புக் காட்ட 1968-ல் ஸர்க்கார் தேயிலைத் தோட்டம் தொடங்கி, 1976-ல் அதைக் கார்ப்பொரேஷன் ஆக்கினர். கண்டியில் தேயிலை பறித்த கை, சேரம்பாடியில் தேயிலை பறித்தது. தோட்டம் நஷ்டத்தில் விழவே, 2022-ல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வன இலாகாவுக்குத் திருப்பித் தருவதென்று முடிவு செய்தனர். இலங்கையில் நாடற்றவர் என்று தள்ளப்பட்டோரின் பிள்ளைகள், இங்கே வேலை ஓய்ந்தால் லைன் வீட்டையும் விட வேண்டியவர்களாய் நின்றனர்.

இவ்விருவருக்கும் முன்னே அங்கிருந்தவர் பணியரும் காட்டுநாயக்கரும். ஜன்மி வந்தபோதும், துரை வந்தபோதும், குடியேறியவர் வந்தபோதும், அவர்கள் ஒவ்வொரு முறையும் ஓரடி பின்வாங்கினர். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நேர்ந்த சரித்திர அநீதியை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டது. ஒப்புக்கொண்டவர் அதைத் திருத்தவும் கடமைப்பட்டவர்.

பைகாரா நீரிலிருந்து 1932 முதல் மின்சாரம் எடுத்துக் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டினோம். அந்த மலையின் மேற்கு அடிவாரத்திலோ, விளக்குக்கு இணைப்புக் கேட்ட ஏழையிடம், "நிலத்துக்குப் பத்திரம் எங்கே?" என்று கேட்கப்பட்டு வந்திருக்கிறது. இதற்கு மேலும் விரிப்பானேன்?

செய்ய வேண்டுவது

காட்டின் பக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. முதுமலை 1940-லேயே வன விலங்குச் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. 1986-ல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில், இந்தியாவில் முதலாவதாக அமைந்தது. ஒரு காட்டினின்று மறு காட்டுக்குச் செல்லும் யானைகளுக்கு ராஜ்ய எல்லையும் தெரியாது, ஜன்மமும் தெரியாது. அவற்றின் வழியை அடைத்தால் உயிர்ச்சேதம் இரு பக்கத்துக்கும் நேரும். சிகூர்ப் பக்கத்து யானை வழித்தடத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் உறுதி செய்தது சரியான காரியமே. எல்லாருக்கும் எல்லா நிலத்தையும் பட்டாப் போட்டுக் கொடுத்துவிட்டால் காடு போகும். காடு போனால் பாண்டியாறும் மோயாறும் வற்றும். பிறகு பட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் காட்டைக் காப்பதற்கும், ஏழையை நிரந்தரமாய்த் திரிசங்கு சொர்க்கத்தில் வைப்பதற்கும் சம்பந்தமில்லை. முடிவு செய்யாதிருப்பதால் காடு காக்கப்படவில்லை. பாத்தியம் தெரியாத நிலத்தில் வலுத்தவன் கை ஓங்கும் என்பதை நாம் கண்டுவிட்டோம். ஆகவே நாம் கோருவது இது. ரெவின்யூ இலாகாவும் வன இலாகாவும் தனித்தனியே படம் வைத்துக்கொண்டு வாதிடுவதை விட்டு, கிராமம் கிராமமாக ஒன்றாய் நின்று அளக்கட்டும். மெய்யான காடும், நீரோடைகளும், யானை வழிகளும் முதலில் குறிக்கப்பட்டு, எவருக்கும் இல்லை என்று ஒதுக்கப்படட்டும். பணியர், காட்டுநாயக்கர் முதலியோரின் உரிமைகள் அடுத்தபடி உறுதியாகட்டும். சிறு விவசாயியின் வீட்டையும் நிலத்தையும் பெருந்தோட்டக் குத்தகையினின்று பிரித்து, அவனுக்கு உடனே முடிவு சொல்லட்டும். பெருங்கம்பெனிகளின் வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். அதன் வாலைப் பிடித்து ஏழை காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்கு வீட்டு மனை அளிப்பது ஸர்க்காரின் தர்மமல்ல, கடன். இவை யாவற்றிற்கும் ஒரு கெடு விதிக்கப்பட வேண்டும்.

அந்நியர் இந்த மலையின் எல்லையை வகுத்தபோது தம் ஸௌகரியத்தை எண்ணினர், குடியை எண்ணவில்லை. அவர்கள் அந்நியர், ஆகவே அதில் வியப்பில்லை. நம்மவர் கையில் ஆட்சி வந்தபின்னும், 1877-ஆம் வருஷத்துக் காகிதக் கோட்டினால் விளைந்த சிக்கல் அவிழாமல் கிடப்பதற்கு நாம் யாரைக் குறை கூறுவது? சட்டசபையில் அமரும் நமது பிரதிநிதிகள் அடுத்த கோடையில் உதகைக்கு ஏறுவார்களாயின், ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல், இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கீழிறங்கிக் கூடலூர்க் குடிகளின் குறையைக் கேட்டு வரவேண்டும் என்று வேண்டுகிறோம்.